பின்வரிசையிலிருந்து பயிற்சியாளர் பொறுப்புக்கு: சையது நயீமுத்தீன் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறோம். வருகிற பையன்களில் பெரும்பாலோர் முன்வரிசையில் நின்று கோல் அடிக்கவே விரும்புகிறார்கள். பின்னால் நிற்கச் சொன்னால் அவர்கள் முகம் வாடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெற்றோரின் முகமும் சேர்ந்து வாடுகிறது. "எம்பையனப் பேக்குல நிறுத்தாதீங்க சார், முன்னால ஆடட்டுமுங்க" என்று ஒரு தந்தை கேட்ட அன்றுதான் நான் முதன்முறையாக சையது நயீமுத்தீனின் கதையை அங்கே சொன்னேன். பின்வரிசையில் ஆடுபவர் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்பதற்கு அவரை உதாரணம் காட்டினேன். அதன்பிறகு அவரைப் பற்றிய கேள்விகள் வாரந்தோறும் வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த சையது நயீமுத்தீன்?

1944-ல் பிறந்த ஹைதராபாத்காரர். இந்திய அணிக்குத் தடுப்பாட்டக்காரராக ஆடி, பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். 1970-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியின் தலைவர் அவர்தான். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்கு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. விளையாட்டு வீரருக்கான அர்ஜுனா விருதை 1970-ம் ஆண்டுக்கும், பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியார் விருதை 1990-ம் ஆண்டுக்கும் பெற்றார்.

ஹைதராபாத்தில் இருந்து அவ்வளவு கால்பந்து ஆட்டக்காரர்கள் வந்தது எப்படி?

இதற்கு ஒரே பெயரைச் சொன்னால் போதும்: சையது அப்துல் ரஹீம். ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியைப் பயிற்றுவித்து, 1950 முதல் 1954 வரை அந்த அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ச்சியாக 5 முறை வெல்லக் காரணமாக இருந்தவர் அவர். இந்திய அணியின் பயிற்சியாளராக 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று தந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றதும் அவர் காலத்தில்தான். 1963-ல் அவர் மறைந்தபோது நயீமுத்தீனுக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. ஆனாலும் நகரத்தின் மைதானங்களில் ரஹீம் விட்டுச் சென்ற பழக்கம் அப்படியே இருந்தது: பந்தைத் தூக்கி அடிக்காமல் தரையோடு தட்டிக் கொடுப்பது, ஒவ்வொருவரும் தன் இடத்தை அறிந்து நிற்பது, பயிற்சியாளர் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதது. இந்தக் கடைசிப் பழக்கம் நயீமுத்தீனோடு கடைசிவரை வந்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

ரஹீமைப் பற்றிப் பேசும்போது பையன்கள் திரும்பத் திரும்பக் கேட்பது 1962 ஜகார்த்தா கதையை. அதிலும் நாயகர் ஒரு தடுப்பாட்டக்காரரே. ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்பவராக, ஆடிய ஜர்னைல் சிங்குக்கு அந்தப் போட்டியின் நடுவில் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அவரை வெளியே உட்கார வைக்காமல் ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். ஜர்னைல் அரையிறுதியிலும் கோல் அடித்தார், தென் கொரியாவை 2–1 என்று வென்ற இறுதியாட்டத்திலும் கோல் அடித்தார். பின்வரிசைக்காரனுக்குக் கோல் அடிக்கத் தெரியாது என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பாங்காக் வெண்கலத்தை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்? தங்கம் இல்லையே?

அந்த ஆண்டு எதிரே நின்றவர்களைப் பார்த்தால் புரியும். அரையிறுதியில் இந்தியாவை வென்ற பர்மா, 1966-ல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றிருந்த அணி. 1970-லும் தென் கொரியாவுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இந்தியா 1–0 என்று வென்ற ஜப்பான், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய நாடு. ஒரே ஒரு கோலை அடித்துவிட்டு அப்படிப்பட்ட அணியை இறுதி விசில்வரை கோல் அடிக்க விடாமல் வைத்திருப்பது பின்வரிசையின் வேலை. அந்தப் பின்வரிசைக்கும் முழு அணிக்கும் தலைவர் நயீமுத்தீன். கூடவே சுதீர் கர்மாகர் போன்ற அருமையான தடுப்பாட்டக்காரர்கள் இருந்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அந்த அணியில் ஆடியவர்களில் பலர் பின்னாளில் பயிற்சியாளர்கள் ஆனார்கள். முகமது ஹபீப் ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமியில் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். சுபாஷ் பௌமிக், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளராக இருந்தார். அணிக்குப் பயிற்சி அளித்தவர்களில் ஒருவரான பி.கே. பானர்ஜியோ ஏற்கெனவே இந்தியாவின் தலைசிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர்.

அப்படியானால் தடுப்பாட்டக்காரர்தான் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்ற உங்கள் வாதம் அடிபட்டுப் போகிறதே?

ஓரளவுக்கு அடிபடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். பானர்ஜியும் பௌமிக்கும் முன்வரிசைக்காரர்கள்தான். ஆகவே, "தடுப்பாட்டக்காரர் மட்டுமே" என்று நான் எப்போதும் சொன்னதில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: பின்னால் ஆடுபவருக்குப் பயிற்சியாளர் வேலையின் முதல் பாடம் ஆட்டக்காலத்திலேயே கிடைத்துவிடுகிறது.

முன்வரிசைக்காரர் கோல் கம்பத்தைப் பார்த்து நிற்கிறார். மைதானத்தின் பெரும்பகுதி அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பின்வரிசைக்காரருக்கு முழு மைதானமும் கண்முன் விரிந்து கிடக்கிறது. கீழ்பவானிப் பாசனத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர் வரப்பின்மேல் நின்று, எந்த மடை நிரம்பி வழியப் போகிறது, எந்தக் கரை கரைந்துகொண்டிருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து மண்வெட்டியோடு நகர்வாரே, அதே பார்வை இவருக்கும் வேண்டும். பந்து தன் பக்கம் வந்த பிறகு ஓடுபவர் தாமதமாகிவிட்டார் என்றே பொருள். எதிரணியின் இடது பக்கம் ஆள் கூடுகிறது, நம் ஹாஃப் (நடுக்கள ஆட்டக்காரர்) களைத்துவிட்டார், கோலி (கோல்கீப்பர்) முன்னால் வந்து நிற்கிறார் என்று ஒவ்வொன்றையும் கவனித்து, கவனித்ததைக் கத்திச் சொல்லவும் வேண்டும். தொண்ணூறு நிமிடமும் மற்றவர்களை இடம் மாற்றி நிறுத்திக்கொண்டே இருக்கும் ஒருவர், ஓய்வு பெற்றபின் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று அதையே செய்வதில் வியப்பில்லை.

ஆனால் தடுப்பாட்டத்தின் கைத்தொழில் மாறிக்கொண்டே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நயீமுத்தீன் ஆடிய நாட்களில், சக ஆட்டக்காரர் பந்தைத் தரும் நேரத்தில், தாக்க வருபவர் கோலியையும் சேர்த்துக் கடைசிக்கு முந்தைய எதிராளிக்குச் சரிசமமாக நின்றாலே ஆஃப்சைடு, அதாவது நிற்கக் கூடாத இடத்தில் நின்ற தவறு. 1990-ல் விதி மாறி, சரிசமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்றாயிற்று. நெருக்கடி வந்தால் பந்தைக் கோலிக்குக் காலால் தட்டிவிட, அவர் கையில் பிடித்துக்கொள்வது அன்று சாதாரண விஷயம். 1992-ல் அதுவும் தடை செய்யப்பட்டது. அதாவது, தான் கற்ற பாதுகாப்பு வழிகளில் இரண்டு அடைபட்டுவிட்ட பிறகு, புதிய தலைமுறைக்கு வேறு வழிகளைக் கற்றுத்தர வேண்டிய இடத்தில் அவர் நின்றார். பழைய ஆட்டக்காரர்கள் பயிற்சியாளராகும்போது தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

பயிற்சியாளராக அவருடைய மிகச் சிறந்த ஆண்டு எது?

1990 என்று தயங்காமல் சொல்லலாம். அந்த ஆண்டு அவர் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் அணி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, டூரண்டு கோப்பை, ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் வென்றது. தேசிய லீக் என்று ஒன்று தொடங்கியது 1996-ல்தான். அதற்கு முன் கொல்கத்தா, டெல்லி, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களோடு இணைந்த இம்மூன்று கோப்பைகளே இந்தியக் கால்பந்தின் உச்சமாகக் கருதப்பட்டன. ஒரே ஆண்டில் மூன்றையும் அள்ளுவது ஈஸ்ட் பெங்காலுக்கு 1972-க்குப் பிறகு அப்போதுதான் கைகூடியது. வெவ்வேறு ஊர்கள், வெவ்வேறு தரை, வெவ்வேறு வானிலை. அணியின் உடல்தகுதி ஆண்டு முழுவதும் குலையாமல் இருந்தால்தான் இது நடக்கும். ஆட்டக்காரர்களிடம் அவர் வாங்கிய வேலையின் கடுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தக் கடுமையின் பயனாக இந்த ஆண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அர்ஜுனா, துரோணாச்சாரியார் என்ற இரண்டு விருதுகளும் பெற்றது அவ்வளவு அரிதா?

கால்பந்தைப் பொறுத்தவரை மிக அரிது. கால்பந்துக்காக முதன்முதலில் துரோணாச்சாரியார் விருது பெற்றவர் நயீமுத்தீன். 2022-ல் பிமல் கோஷ் பெறும்வரை இந்த விருது கால்பந்து பக்கம் திரும்பவே இல்லை.

இந்திய அணியின் பயிற்சியாளராக எப்படி இருந்தார்?

வெவ்வேறு காலங்களில் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவற்றில் இரண்டு கோப்பைகள் நினைவில் நிற்பவை. 1997-ல் காட்மாண்டுவில் நடந்த தெற்காசியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இந்தியா மாலத்தீவை 5–1 என்று வென்றது, முன்வரிசை ஆட்டக்காரர் ஐ.எம். விஜயன் தன் உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. 2005 டிசம்பரில் கராச்சியில் நடந்த அதே கோப்பையில், பைச்சுங் பூட்டியா தலைமையிலான அணி இறுதியாட்டத்தில் வங்கதேசத்தை 2–0 என்று வென்றது. இரண்டு முறையும் பயிற்சியாளர் நயீமுத்தீனே. எட்டு ஆண்டு இடைவெளியில், ஏறத்தாழ முழுக்க வேறு ஆட்டக்காரர்களைக் கொண்டு, ஒரே கோப்பையை வெல்வது சிறிய காரியம் இல்லை.

ஆனால் கராச்சி வெற்றிக்குப் பிறகு வந்த சில மாதங்களையும் மறைக்கக் கூடாது. 2006 தொடக்கத்தில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று தொடங்கியது. ஜப்பானில் நடந்த ஆட்டத்தில் இந்தியா 0–6 என்று தோற்றது; அடுத்து டெல்லியில், நம் சொந்த மண்ணிலேயே, யேமனிடம் 0–3 என்று தோற்றது. 1970-ல் எந்த ஜப்பானை ஒரு கோல்கூட அடிக்க விடாமல் அவர் தலைமையில் இந்தியா தடுத்து நிறுத்தியதோ, அதே ஜப்பான். அந்த ஆண்டிலேயே இங்கிலாந்துக்காரரான பாப் ஹவுட்டன் இந்திய அணியின் பொறுப்பை ஏற்றார்.

இந்தத் தோல்விகளை ஒரு மனிதர்மேல் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. ஜப்பான் 1993-ல் தொழில்முறை லீக்கைத் தொடங்கி, 1998 முதல் உலகக் கோப்பைகளில் ஆடிக்கொண்டிருந்த நாடு. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் இரண்டு நாடுகளும் நடந்த தூரம் ஒன்றல்ல. தெற்காசியாவில் வெல்லப் போதுமானதாக இருந்த ஒழுங்கும் உடல்தகுதியும் அதற்கு மேலே போகப் போதவில்லை என்பதே அந்த மாதங்கள் காட்டியது.

அவர் மிகவும் கண்டிப்பானவர் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். இந்தியக் கால்பந்தில் கண்டிப்பு என்றாலே முதலில் வரும் பெயர்களில் ஒன்று அவருடையது. நேரம் தவறாமை, உணவுக் கட்டுப்பாடு, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. பயிற்சியாளர் சொல்வதே சட்டம் என்ற ஹைதராபாத் மரபிலிருந்து வந்தவர் வேறு எப்படி இருந்திருப்பார்?

இதைக் கேட்டதும் நம் ஊர்ப் பெற்றோர் சிலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். "அப்படி அடிச்சு வளர்த்தாத்தானுங்க உருப்படுவானுங்க" என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. கண்டிப்பு வேறு, கைநீட்டுவது வேறு. முழு வயதுத் தொழில்முறை ஆட்டக்காரரிடம் வாங்கும் வேலையைப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் வாங்குவதும் தவறு. வளரும் எலும்பும் மூட்டும் அந்தச் சுமைக்குத் தயாராக இருப்பதில்லை. வெயில் ஏறிய பிறகு சித்திரை, வைகாசியில் செம்மண் தரையில் ஓடவிட்டால் மயங்கி விழுவார்கள். எங்கள் மைதானத்தில் நயீமுத்தீனிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ஆறு மணி என்றால் ஆறு மணி. அதுவும் முதலில் பயிற்சியாளர்களுக்குத்தான்.

இந்தியாவுக்கு வெளியேயும் பயிற்சி அளித்தாரா?

ஆம். டாக்காவின் பிரதர்ஸ் யூனியன் கிளப்புக்குப் பயிற்சி அளித்தார். 2007-ல் வங்கதேச தேசிய அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். கராச்சி இறுதியாட்டத்தில் யாரை வென்றாரோ அவர்களிடமே இரண்டு ஆண்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தார்.

அவரைப் போல வேறு யாரேனும் உண்டா?

உண்டு. 1962 தங்க அணியில் ஜர்னைலுக்குப் பக்கத்தில் நின்ற அருண் கோஷ் பின்னாளில் இந்திய அணிக்குப் பயிற்சி அளித்தார். கோவாவின் டெரிக் பெரேரா, சல்கோகர் அணியின் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். 2005–06 தேசிய லீக்கை மஹிந்திரா யுனைடெட் வென்றபோது அதன் பயிற்சியாளர் அவர். தடுப்பாட்டக்காரர் மகேஷ் காவ்லியைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவரும் இந்திய அணியின் துணைப் பயிற்சியாளராக வந்துவிட்டார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரான காலித் ஜமீலையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவர் நடுக்கள ஆட்டக்காரர்.

இதற்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இல்லை. இருப்பதாகக் கதை கட்டவும் மாட்டேன். ஆனால் பின்வரிசைக்காரர்களின் அருமை தெரியாத மண்ணும் அல்ல இது. நாமக்கல்லில் பிறந்த நல்லப்பன் மோகன்ராஜ் தடுப்பாட்டக்காரராகக் கொல்கத்தாவின் மோகன் பகான் வரை போய் ஆடியவர். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன். அங்குள்ள ராணுவப் பயிற்சி மையமான மதராஸ் ரெஜிமென்டல் சென்டரின் அணி 1955-லும் 1958-லும் டூரண்டு கோப்பையை வென்றது. அதன் கோலி, ஹைதராபாத்தில் பிறந்த தமிழர் பீட்டர் தங்கராஜ்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2019 மார்ச் 9 கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. சென்னை சிட்டி அணி அந்த ஆண்டு தன் சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது கோவையைத்தான். தேசிய அளவிலான ஐ-லீக் போட்டியின் கடைசி நாள். வென்றால் கோப்பை, தவறினால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடும். மினர்வா பஞ்சாபுக்கு எதிராகத் தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கி அரங்கமே அமைதியானது. சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதற்குப் பிறகு வந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர். 3–1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை வந்தது. அந்தப் பருவம் முழுவதும் மான்சி 21 கோல் அடித்தார், எல்லோருக்கும் அவர் பெயர் நினைவிருக்கிறது. போராவின் பெயரைக் கேட்டால் எங்கள் பையன்கள் யோசிக்கிறார்கள்.

பின்வரிசையில் ஆடினால் வாய்ப்பும் வேலையும் குறையுமா?

குறையாது. ஒரு அணியின் பதினொரு பேரில் வழக்கமாக நான்கு பேர் பின்வரிசை. சென்டர் ஃபார்வர்டு ஒருவரோ இருவரோதான். தேர்வுக்குப் போகும் கூட்டத்தில் பெரும்பாலோர் அந்த ஒன்றிரண்டு இடத்துக்குத்தான் முட்டி மோதுகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கும் ரயில்வே, காவல்துறை, வங்கி அணிகளும் உயரமும் நிதானமும் உள்ள ஸ்டாப்பரைத் தேடுகின்றன. இடதுகால் பழக்கமுள்ள பையனுக்கு லெஃப்ட் பேக் (பின்வரிசையின் இடது ஓரம்) இடத்தில் போட்டி இன்னும் குறைவு.

பயிற்சியாளராக விரும்பினால் இன்று என்ன செய்ய வேண்டும்?

நயீமுத்தீன் காலத்தில் ஆட்ட அனுபவமே பெரும் தகுதி. அதற்கு மேல் பட்டியாலாவில் 1961-ல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு இருந்தது. இன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமப் படிகள் உள்ளன: இ, டி, சி, பி, ஏ, கடைசியில் புரோ. சிறுவர்களைப் பயிற்றுவிக்க முதல் இரண்டு படிகள் போதும். அதற்குத் தேசிய அளவில் ஆடியிருக்க வேண்டியதில்லை. இந்தியன் சூப்பர் லீக் அணியொன்றின் தலைமைப் பயிற்சியாளராக வேண்டுமானால் புரோ உரிமம் தேவை. நடுவில் உள்ள ஒவ்வொரு படிக்கும் பணமும் விடுப்பும் வேண்டும். தறி ஓட்டிக்கொண்டும் கடை பார்த்துக்கொண்டும் இருப்பவர்களுக்கு இதுவே பெரிய தடை. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இது சற்று எளிது.

எந்த வயதில் ஒரு பையனைப் பின்வரிசைக்காரன் என்று முடிவு செய்வது?

பதினான்குக்கு முன்னால் முடிவு செய்யாதீர்கள். அதுவரை எல்லா இடத்திலும் ஆடவிடுங்கள். அதன்பிறகும், அவன் எங்கே ஓடுகிறான் என்பதோடு எங்கே பார்க்கிறான் என்பதையும் கவனியுங்கள். பந்து மறுபக்கம் இருக்கும்போது மற்றவர்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் தலையைத் திருப்பி, தன் பக்கம் காலியாக நிற்கும் எதிராளியைத் தேடுவான். எங்களிடம் அப்படி ஒரு பையன் இருக்கிறான். முன்பு என்னிடம் கேட்டுக்கொண்ட அதே தந்தையின் மகன்தான். இப்போது ஸ்டாப்பராக ஆடுகிறான், அப்பா இன்னும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "முன்னால போடா" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.